அடிப்பொருள் என்னும் மூடநம்பிக்கை

நம் மொழிபெயர்ப்புச் சூழலில், யாரும் வாய்விட்டுச் சொல்லாத, ஆனால் ஏறத்தாழ எல்லோரும் கடைப்பிடிக்கிற ஒரு மதநம்பிக்கை உண்டு. ஒவ்வொரு சொல்லுக்கும் ஓர் அடிப்பொருள் இருக்கிறது. பிற பொருள்களெல்லாம் அதிலிருந்து கிளைத்தவை. அடிப்பொருளைப் பிடித்துவிட்டால் மற்றவற்றைச் சூழல் பார்த்துக்கொள்ளும் என்பதே அந்த நம்பிக்கை. அகராதியின் முதல் வரியில் இருப்பது அசல், ஆறாவது வரியில் இருப்பது அலங்காரம் என்று நினைக்கும் பழக்கம் இதிலிருந்து வருகிறது. இந்தப் பழக்கம் இலக்கியத்துக்குச் செய்யும் கேடு சிறியதல்ல என்பதே என் தரப்பு. அது சொற்களை மட்டுமல்ல, அந்தச் சொற்களை உருவாக்கிய மனிதர்களையும் அழிக்கிறது.

இதைக் கடினமான சொற்களைக் கொண்டு நிறுவுவதில் பயனில்லை. கடினமான சொல்லின் முன் மொழிபெயர்ப்பாளர் விழிப்போடு இருப்பார், நாலு அகராதிகளைப் புரட்டுவார், நண்பர்களிடம் கேட்பார். எளிய சொல்லில்தான் அவர் கண்ணயர்ந்துவிடுகிறார். ஆகவே ஆகச்சிறிய வகுப்புப் பிள்ளைக்கும் தெரிந்த ஓர் ஆங்கிலச் சொல்லை எடுத்துக்கொள்கிறேன்: 'பாட்டம்'. எந்தக் கையடக்க அகராதியும் சொல்லிவிடும்: அடி, அடிப்பகுதி, கீழ்ப்பகுதி, பிட்டம். நான்கு சொற்கள். இவற்றை வைத்துக்கொண்டு ஆங்கில இலக்கியத்துக்குள் இறங்குபவர் எங்கெல்லாம் கால் இடறுகிறார் என்று பார்ப்போம்.

*

முதலில் வேர்ச்சொல் ஆய்வாளர்களுக்கு ஒரு வார்த்தை. அகராதி போதாது, வேருக்குப் போக வேண்டும் என்பார்கள் அவர்கள். போவோம். இந்தச் சொல்லின் உறவினர்கள் இந்தோ-ஐரோப்பிய மொழிகள் பலவற்றில் இருக்கிறார்கள். சமஸ்கிருதத்தில் 'புத்ந', லத்தீனில் 'ஃபுண்டுஸ்', ஜெர்மனில் 'போடன்'. லத்தீன் கிளையிலிருந்துதான் அடித்தளத்தைக் குறிக்கும் 'ஃபவுண்டேஷன்', ஆழத்தைக் குறிக்கும் 'ப்ரொஃபவுண்ட்', பணத்தைக் குறிக்கும் 'ஃபண்ட்' எல்லாம் ஆங்கிலத்துக்கு வந்து சேர்ந்தன. ஜெர்மானிய 'போடன்' தரையைக் குறிக்கிறது, மண்ணைக் குறிக்கிறது. அத்தோடு, வீட்டின் உச்சியில் கூரைக்கு நேர்கீழே இருக்கும் பரணையும் குறிக்கிறது. வேரில் எல்லாவற்றுக்கும் கீழே இருந்த சொல், நடைமுறையில் வீட்டின் தலைக்கு ஏறிவிட்டது.

வேர் நமக்குச் சொன்னது இவ்வளவே: சொல் புறப்பட்ட இடம். அது எங்கே போய்ச் சேர்ந்தது, வழியில் யார் யார் அதைத் தூக்கிச் சுமந்தார்கள் என்பதை வேர் சொல்லாது. ஒருவரின் பிறந்த ஊரைத் தெரிந்துகொண்டதாலேயே அவர் வாழ்க்கை வரலாறு எழுதப்பட்டுவிட்டதாக நினைப்பவர்களிடம் வாதிட்டுப் பயனில்லை.

அகராதி எழுதியவருக்கே இந்தச் சொல் அடங்கவில்லை. 1755இல் வெளிவந்த சாமுவேல் ஜான்சனின் அகராதி ஆங்கில மொழியின் பெருஞ்சாதனைகளில் ஒன்று. அந்த ஜான்சன் 1781இல் ஒரு விருந்தில், ஒரு பெண்ணைப் பற்றிப் பேசும்போது அவளுக்கு நல்லறிவின் 'பாட்டம்' உண்டு என்கிறார். அவர் சொல்ல வந்தது, அவளது இயல்பின் அடித்தளம் நல்லறிவு என்பதை. கூடியிருந்தவர்களுக்கு வேறொன்று கேட்டது. சிரிப்பை அடக்கமுடியவில்லை, எழுத்தாளர் ஹன்னா மோர் பக்கத்தில் இருந்த ஒரு பெண்மணியின் முதுகுக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டார். கோபமுற்ற ஜான்சன், சபையை ஒருமுறை வெறித்துப் பார்த்துவிட்டு, வேண்டுமென்றே இன்னும் நகைப்புக்கிடமான ஒரு சொல்லைத் தேர்ந்து, அந்தப் பெண் 'ஃபண்டமெண்டலி' அறிவுள்ளவள் என்று திருத்திச் சொன்னார். அதுவும் அதே வேரிலிருந்து வந்த சொல். அதன் பெயர்ச்சொல் வடிவத்துக்கும் ஆங்கிலத்தில் பிட்டம் என்ற பொருள் உண்டு. இம்முறை ஒருவரும் சிரிக்கத் துணியவில்லை. பாஸ்வெல் 1791இல் வெளியிட்ட ஜான்சன் வரலாற்றில் இதைப் பதிவு செய்திருக்கிறார்.

இங்கே அடிப்பொருள் எது? பேசியவருக்கு ஒன்று; கேட்டவர்களுக்கு இன்னொன்று. நகைச்சுவை இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. இதை 'அடிப்படை' என்று மொழிபெயர்த்தால் சபை ஏன் சிரித்தது என்று வாசகனுக்குத் தெரியாது; 'பிட்டம்' என்று மொழிபெயர்த்தால் ஜான்சன் பைத்தியக்காரர் ஆகிவிடுவார்.

*

மற்ற சில பொருள்களை விரைவாகக் கடந்துவிடலாம். கடலோடிகளுக்கும் வணிகர்களுக்கும் பாட்டம் என்றால் கப்பலின் அடிப்புறம். அதிலிருந்து கப்பலே பாட்டம் ஆயிற்று. 'வெனிஸ் வணிகன்' நாடகத்தின் முதல் காட்சியில் அந்தோனியோ தன் முதலீடு முழுவதும் ஒரே பாட்டத்தில் இல்லை என்று சொல்வது கப்பலைத்தான். கப்பலை ஈடுவைத்துப் பெறும் கடனுக்குக் கடல்வணிகச் சட்டம் 'பாட்டம்ரி' என்றே பெயரிட்டது. கப்பல் மூழ்கினால் கடனும் மூழ்கிவிடும் என்பது அந்த ஒப்பந்தத்தின் விதி. தமிழில் இதற்கு 'கலம்' இருக்கிறது.

18ஆம் நூற்றாண்டின் குதிரைப் பந்தயத்திலும் குத்துச்சண்டையிலும் பாட்டம் உள்ளவன் என்றால் தாக்குப்பிடிப்பவன், எளிதில் விழாதவன். நம்மூரில் உரம், தெம்பு, தாங்கும் சக்தி என்கிறோமே, அது. கணக்குப் பதிவேட்டில் பாட்டத்தில் இருக்கும் வரி என்றால் எல்லாம் கழித்தபின் எஞ்சும் நிகர லாபம். அதைக் 'கீழ்க்கோடு' என்று எழுதுபவர் கணக்கையும் அறியவில்லை, தமிழையும் அறியவில்லை. இயற்பியலில் 1977இல் கண்டுபிடிக்கப்பட்ட ஒரு குவார்க்குக்கும் பாட்டம் என்றே பெயர். புரோட்டானைப்போல் நான்கு மடங்குக்கு மேல் எடை கொண்ட அந்தத் துகளில் அடி என்று சொல்ல எதுவும் இல்லை. 'டாப்' என்ற இணைக்கு எதிர்ப்பதமாக வைத்த பெயர், அவ்வளவுதான். அதே துகள் குடும்பத்தில் 'டவுன்' குவார்க் ஒன்றும் இருப்பதால், இரண்டையும் 'கீழ்' என்று எழுதுபவர் இயற்பியலில் புதிய குழப்பம் ஒன்றைக் கண்டுபிடித்தவராவார்.

இவையெல்லாம் தொழிற்சொற்கள். இவற்றில் பிழை நேர்ந்தால் ஒரு வாக்கியம் கெடும். ஒரு படைப்பே கெடும் இடங்கள் வேறு.

*

ஷேக்ஸ்பியரின் 'நடுவேனிற்கால இரவுக் கனவு' நாடகத்தில் கழுதைத்தலை முளைத்து தேவதைகளின் அரசியால் காதலிக்கப்படுபவன் பெயர் நிக் பாட்டம். நவீன மேடைகளில் அந்தப் பெயரைச் சொன்னதும் பார்வையாளர்கள் சிரிக்கிறார்கள். எதை நினைத்துச் சிரிக்கிறார்கள் என்பதை விளக்க வேண்டியதில்லை. இதைக் கண்டு, பெயரின் 'உண்மையான' பொருள் அதுவே என்று எழுதும் விமர்சகர்களும் இருக்கிறார்கள். பிட்டம் என்ற பொருளில் அந்தச் சொல் எழுத்தில் தெளிவாகக் கிடைப்பது 18ஆம் நூற்றாண்டில். நாடகமோ 1590களின் நடுப்பகுதியைச் சேர்ந்தது. ஷேக்ஸ்பியர் காலத்துப் பேச்சில் அந்தப் பொருள் இருந்திருக்கலாம் என்று ஊகிப்பவர்கள் ஊகித்துக்கொள்ளட்டும். ஆனால் ஊகமே தேவையற்ற ஒரு பொருள் கண்முன்னே கிடக்கிறது. அவன் ஒரு நெசவாளி. நெசவில் பாட்டம் என்றால் நூல் சுற்றும் உள்ளீடு. சுற்றியபின் அந்த நூலுருண்டைக்கும் அதே பெயர். ஷேக்ஸ்பியரே 'அடங்காப்பிடாரி'யில் ஒரு தையல் வசனத்தில் இந்தப் பொருளில் இதைப் பயன்படுத்தியிருக்கிறார்; 'வெரோனாவின் இரு கனவான்க'ளில் சுற்றுதல் என்று வினைச்சொல்லாகவே ஆக்கியிருக்கிறார்.

நாடகத்துக்குள் நாடகம் போடும் அந்தக் கைவினைஞர்கள் பலருக்கும் பெயர் தொழிலிலிருந்து வருகிறது. தச்சன் குவின்ஸின் பெயரில் மரச்சக்கைகள் இருக்கின்றன. துருத்தி செப்பனிடுபவன் பெயர் ஃப்ளூட். தையற்காரன் பெயர் ஸ்டார்வ்லிங், பட்டினிக்காரன். தையற்காரர்கள் மெலிந்தவர்கள் என்பது அக்காலத்து வழக்கு. அவர்கள் வரிசையில் நிற்கும் நெசவாளியின் பெயரை மட்டும் உடலுறுப்பாக்கிச் சிரிப்பதென்றால், உழைப்பவன் பெயரில் உழைப்பைப் பார்க்க மறுக்கிறோம் என்று பொருள்.

இன்னும் ஓர் அடுக்கு உண்டு. கனவிலிருந்து விழிக்கும் பாட்டம், கண் கேட்கவில்லை, காது பார்க்கவில்லை என்று புலன்களை மாற்றிப்போட்டு உளறுகிறான். அது பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தைத் தலைகீழாக்கிய பகடி. அந்த இடத்துக்கு அடுத்த வசனத்தில், 16ஆம் நூற்றாண்டில் டிண்டேல் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பில், ஆவி துழாவுவது கடவுளின் ரகசியங்களுடைய 'பாட்ட'த்தை. 1611இன் கிங் ஜேம்ஸ் பதிப்பு அதை 'ஆழமானவை' என்று மாற்றிவிட்டது. நம் தமிழ் விவிலியத்திலும் ஆழம் என்றே இருக்கிறது. தன் கனவுக்கு அடியே கிடையாது, ஆகவே அதற்குப் பாட்டத்தின் கனவு என்று பெயர் என அந்த நெசவாளி சொல்லும்போது, நூலுருண்டை, கடலடி, இறைவனின் ஆழம் மூன்றும் ஒரே அசையில் ஒலிக்கின்றன. ஒரு கோமாளியின் வாயில் மறைஞானத்தை வைக்கும் துணிச்சல் அது. இத்தனையையும் உதறிவிட்டு ஒரு கழிப்பறை நகைச்சுவையை மட்டும் மிச்சம்பிடிப்பதற்குப் பெயர் வாசிப்பா?

ஜெர்மானியர்கள் என்ன செய்தார்கள் என்று பார்க்கலாம். 18ஆம் நூற்றாண்டிலேயே அவர்கள் இந்த நெசவாளிக்கு 'ட்செட்டல்' என்று பெயரிட்டார்கள். ஷ்லேகலின் புகழ்பெற்ற மொழிபெயர்ப்பிலும் அதுதான் பெயர். நெசவில் அதன் பொருள் பாவு. அடி என்ற பொருள் போயிற்று, தறி எஞ்சியது. ஆனால் ட்செட்டலுக்குத் துண்டுச்சீட்டு என்றும் பொருள் உண்டு. ஆயிரக்கணக்கான குறிப்புச்சீட்டுகளிலிருந்து தன் பிரம்மாண்ட நாவலை உருவாக்கிய ஆர்னோ ஷ்மிட், 1970இல் அதற்கு 'ட்செட்டலின் கனவு' என்று பெயரிட்டார். பெயர் நெசவாளியையும் சுட்டியது, சீட்டுகளையும் சுட்டியது. 2016இல் ஜான் ஈ. வுட்ஸ் அதை ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தபோது தலைப்பு மறுபடி 'பாட்டத்தின் கனவு' ஆயிற்று. போகும்போது அடியை இழந்து சீட்டைப் பெற்ற சொல், திரும்பும்போது சீட்டை இழந்து அடியைப் பெற்றது. மொழிபெயர்ப்பில் இழப்பு மட்டுமே உண்டு என்று புலம்புபவர்கள் இந்த வரவு செலவை ஒருமுறை பார்க்க வேண்டும்.

தமிழில் இது முடியாதா? முடியும். ஜெர்மனைவிட நன்றாகவே முடியும். நூலுருண்டைக்கு நம்மிடம் அன்றாடம் புழங்கும் சொல் 'கண்டு'; எந்தக் கடையிலும் நூற்கண்டு கேட்டால் கொடுப்பார்கள். தமிழில்தான் கனவைக் 'காண்கிறோம்'. நெசவாளியின் பெயர் கண்டு என்றால், அவன் கண்டது கண்டுவின் கனவு. எவ்வளவு பிரித்தாலும் நுனி அகப்படாத கண்டு, கண்டுபிடிக்க முடியாத கனவு என்று அந்தச் சிலேடை தமிழிலேயே தன்னை நெய்துகொள்ளும். இதில் அடி என்ற சொல்லே இல்லை. அகராதியின் நான்கு சொற்களில் ஒன்றுமே இல்லை. ஆனால் நெசவு இருக்கிறது, ஆழம் இருக்கிறது, கனவு இருக்கிறது, சிரிப்பும் இருக்கிறது. அடிப்பொருளைத் துறந்ததால் கிடைத்தவை இவை.

*

நெசவாளி விஷயத்தில் இழப்பது ஒரு சிலேடையை. அமெரிக்காவுக்குப் போனால் இழப்பது வரலாற்றை.

அமெரிக்க ஆங்கிலத்தில் பாட்டம் என்பது ஆற்றையொட்டிய தாழ்நிலம். வெள்ளம் வந்து வண்டல் இட்டுச்செல்லும் மண். செயின்ட் லூயிஸ் நகருக்கு எதிரே, மிசிசிப்பியின் கீழ்க்கரையில் விரியும் வெள்ளச் சமவெளிக்கு 'அமெரிக்கன் பாட்டம்' என்று பெயர். ஐரோப்பியர் வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே பூர்வகுடிகள் கஹோகியா என்ற மாநகரை அமைத்து, முப்பது மீட்டர் உயரத்துக்கு மண்மேடு எழுப்பிய இடம் அது. சோளம் விளைவித்து ஒரு நாகரிகத்தையே சுமக்கும் வளம் அந்த மண்ணுக்கு இருந்தது. இதைக் 'கீழ்ப்பகுதி' என்று எழுதலாமா? தமிழில் இதற்குப் 'படுகை' என்று அழகான சொல் இருக்கிறது. காவிரியைப் பார்த்தவர்களுக்கு அந்தச் சொல்லின் ஈரம் தெரியும்.

இதே சொல் நகரத்துக்குள் நுழைந்ததும் நிறம் மாறுகிறது. வயலில் வண்டலைக் கொண்டுவரும் வெள்ளம், தெருவில் சாக்கடையைக் கொண்டுவருகிறது. வசதியுள்ளவர்கள் மேட்டுக்குப் போனார்கள். மற்றவர்கள் பாட்டத்தில் தங்கினார்கள். வர்ஜீனியாவின் ரிச்மண்ட் நகரில் 'ஷாக்கோ பாட்டம்' என்ற பகுதி இருக்கிறது. உள்நாட்டுப் போருக்கு முன்பு, நியூ ஆர்லியன்ஸுக்கு அடுத்தபடியாக மிகப்பெரிய அடிமைச் சந்தை இயங்கிய இடம். டெட்ராய்ட்டில் 'பிளாக் பாட்டம்' என்ற குடியிருப்பு இருந்தது. பெயரைக் கேட்டதும் கறுப்பர்கள் வாழ்ந்ததால் வந்த பெயர் என்று தோன்றும். இல்லை. தொடக்ககால பிரெஞ்சு உழவர்கள் அந்தப் படுகையின் கரிய மண்ணைப் பார்த்து வைத்த பெயர் அது. பின்னர், வேறெங்கும் வீடு கொடுக்க மறுக்கப்பட்ட கறுப்பின மக்கள் அங்கே நெருக்கப்பட்டபோது, மண்ணின் பெயர் மனிதர்களின் பெயராயிற்று. அங்கே கடைகளையும் தேவாலயங்களையும் இசைக்கூடங்களையும் உருவாக்கினார்கள். 1950களில் நகரச் சீரமைப்பு என்ற பெயரில் அது இடித்துத் தள்ளப்பட்டது. அதன் உயிர்நாடியாக இருந்த ஹேஸ்டிங்ஸ் தெருவின் மீது விரைவுச்சாலை வந்தது.

ஒரு சொல்லுக்குள் நடந்தது என்ன என்று கவனியுங்கள். கிராமத்தில் பாட்டம் என்றால் உயர்ந்த விலை. நகரத்தில் பாட்டம் என்றால் தாழ்ந்த வாடகை. இரண்டிலும் நிலம் தாழ்ந்துதான் இருக்கிறது. மாறியது, அந்தத் தாழ்வின் பலன் யாருக்கு, பாதிப்பு யாருக்கு என்பது மட்டுமே. இந்தக் கணக்கை எந்த அகராதியின் முதல் வரியும் காட்டாது.

*

டோனி மாரிசன் இதை நன்றாக அறிந்தவர். 1973இல் வெளிவந்த 'சூலா' நாவல் ஒரு குடியிருப்பின் பெயர் வந்த கதையோடு தொடங்குகிறது. ஓஹியோவில், மெடாலியன் என்ற கற்பனை ஊரின் மேலே, குன்றின்மீது இருக்கும் கறுப்பர் பகுதிக்குப் பெயர் பாட்டம். குன்றின்மேல் இருப்பதற்கு ஏன் அந்தப் பெயர்? ஒரு வெள்ளை உழவன் தன் அடிமையிடம், கடினமான சில வேலைகளை முடித்தால் விடுதலையும் ஒரு துண்டுப் படுகை நிலமும் தருவதாக வாக்களிக்கிறான். வேலை முடிகிறது. விடுதலை கொடுப்பதில் அவனுக்குக் கஷ்டமில்லை. வளமான நிலத்தைக் கொடுக்கத்தான் மனமில்லை. குன்றைக் காட்டி, அதுதான் பாட்டம் என்கிறான். அது உயரத்தில் அல்லவா இருக்கிறது என்று கேட்டால், நமக்குத்தான் உயரம், கடவுள் மேலிருந்து பார்க்கும்போது அதுவே அடி, சொர்க்கத்தின் அடி என்கிறான். மண் சரிந்துகொண்டே இருக்கும், விதைகள் அடித்துச்செல்லப்படும், முதுகொடிய உழைக்க வேண்டியிருக்கும் ஒரு குன்று இப்படித்தான் படுகை ஆயிற்று. நாவல் முன்னகர்ந்து முடிவை நெருங்கும்போது, வெள்ளையர்களுக்குக் குன்றுகளின் மீது ஆசை வருகிறது. அங்கே குழிப்பந்தாட்ட மைதானம் வரப்போகிறது. மேடு மதிப்புப் பெற்றதும் அதில் இருந்தவர்கள் இறங்க வேண்டியதுதான்.

இந்த முதல் சில பக்கங்களை மொழிபெயர்க்காமல் யாரும் இந்த நாவலை மொழிபெயர்க்க முடியாது. 'பள்ளம்' என்றால் ஏமாற்று புரியாது. பள்ளத்துக்காக யார் முதுகொடிய உழைப்பார்கள்? 'படுகை' என்றால் ஆசை புரியும், ஆனால் சொர்க்கத்தின் படுகை என்ற வாதம் நிற்காது. 'கீழ்ப்பகுதி' என்றால் எதுவுமே புரியாது.

இந்த இடத்தில் நான் பரிந்துரைப்பது, எல்லா அகராதிகளும் முதலில் சொல்லும் அதே 'அடி'. படிப்பவர்கள் சிரிக்கலாம், இவ்வளவு சுற்றி வந்தது இதற்குத்தானா என்று. ஆனால் அகராதி சொல்லும் காரணத்துக்காக நான் இதைச் சொல்லவில்லை. கீழ்ப்புறம் என்பது தமிழ் 'அடி'யின் ஒரு முகம் மட்டுமே. அடி என்றால் பாதம், இறைவன் திருவடி, பக்தன் போய்ச் சேரும் இடம். அடி என்றால் சாட்டையடி. அந்த அடியிலிருந்துதான் அடியவனும் வருகிறான், அடிமையும் வருகிறான். உழவன் அடிமைக்கு அடிநிலம் தருவதாகச் சொல்லி, குன்றைக் காட்டி, இது ஆண்டவன் அடி என்கிறான். ஆண்டவன் என்ற சொல்லில் கடவுளும் இருக்கிறார், ஆண்டவரும் இருக்கிறார். நம் வயல்களில் ஆண்டை என்று கூப்பிடச் சொல்லிக் கேட்டுக்கொண்டவர்களும் வெகு தொலைவில் இல்லை. மதத்தின் சொல்லைக் கொண்டே நிலத்தைப் பறிக்கும் அந்தத் தந்திரம் தமிழில் இன்னும் கூர்மையாகக் கேட்கிறது. ஓஹியோவின் அந்தக் குன்று நமக்கு அந்நியமாக இல்லை.

ஆக, நெசவாளிக்கு அடி கூடாது. குன்றுக்கு அடியே வேண்டும். ஒரே ஆங்கிலச் சொல், ஒரே தமிழ்ச் சொல். ஓரிடத்தில் பிழை, இன்னோரிடத்தில் வரம். இரண்டு மொழிகளின் சொற்கள் வேரில் சந்திப்பதில்லை. எங்கோ உயரத்தில், காற்று அடிக்கும்போது, கிளைகள் தொட்டுக்கொள்கின்றன. எந்தக் கிளை எந்தக் கிளையைத் தொடும் என்று அறிய இரண்டு மரங்களையும் முழுதாகப் பார்த்திருக்க வேண்டும்.

*

மறுதரப்பு ஒன்று இருக்கிறது, அதையும் கேட்டுவிடுவோம். இவ்வளவு சிக்கல் என்றால் 'பாட்டம்' என்றே விட்டுவிடலாமே, மொழிபெயர்க்கவே முடியாதவை உண்டல்லவா என்பார்கள். கேட்பதற்கு இது மூலத்தின்மீதான மரியாதைபோல ஒலிக்கும். உண்மையில் இது அகராதித் தரப்பின் சோம்பலுக்கு அறிவார்ந்த சட்டை மாட்டிவிட்ட வடிவம். தமிழ் எழுத்தில் பாட்டம் என்று எழுதிவிட்டால் அது ஆங்கிலச் சொல்லாகவே இருந்துவிடும் என்று எப்படி நினைக்கிறார்கள்? தமிழ்க் காதுக்கு அது ஒரு பாட்டம் மழையை நினைவூட்டும். ஒரு பாட்டம் அழுது தீர்த்ததை நினைவூட்டும். சற்று வயதானவர்களுக்குப் பெல்பாட்டம் கால்சட்டையை நினைவூட்டும். சொல்லை அப்படியே விட்டுவிடுவதும் ஒரு மொழிபெயர்ப்புதான். பெரும்பாலும் மோசமான மொழிபெயர்ப்பு.

விட்டுவிட வேண்டிய இடங்களே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஷாக்கோ பாட்டம் வரைபடத்தில் இருக்கும் இடம். பெயரை விட்டுவைத்து, முதன்முறை வரும்போது ஆற்றுத் தாழ்நிலம் என்று வாக்கியத்துக்குள்ளேயே ஒரு சொல் சேர்த்துவிட்டால் போதும். மா ரெய்னி 1927இல் பாடிப் பதிவுசெய்த 'பிளாக் பாட்டம்' பாடலில் அந்தக் காலத்து நடனம் ஒன்றின் பெயரும் உடலும் ஒருசேரத் துள்ளுகின்றன. கறுப்பர் குடியிருப்புகள் பலவற்றுக்கும் அதே பெயர். ஆகஸ்ட் வில்சன் அதையே தன் நாடகத்தின் தலைப்பாக்கினார். 1984இல் அது பிராட்வேயில் மேடையேறியது. பாடலின் பெயர் என்பதால் அங்கே கைவைக்க முடியாது. ஆனால் இது ஒவ்வோர் இடத்திலும் யோசித்து எடுக்க வேண்டிய முடிவு. முன்கூட்டியே எடுத்துவைத்துக்கொண்ட கொள்கை யோசிக்காமல் இருப்பதற்கான வசதி.

ஆங்கிலம் இதிலெல்லாம் செழிப்பான மொழி, தமிழால் ஈடுகொடுக்க முடியாது என்று நினைப்பவர்களுக்கு ஒரு எதிர்ச்சான்று. மக்ஸீம் கார்க்கி 1902இல் எழுதிய நாடகத்தின் ருஷ்யத் தலைப்பு இரண்டே சொற்கள்: 'அடியில்' என்று நேராகச் சொல்கிறது. ஆங்கிலத்திடம் அதற்கு நேர்ச்சொல் கையிலேயே இருந்தது. நாம் இவ்வளவு நேரம் பேசிக்கொண்டிருக்கும் அதே சொல். ஆனாலும் ஆங்கிலத்தில் அது 'ஓர் இரவுத் தங்கல்' ஆயிற்று, இன்னும் சில பெயர்களில் அலைந்தது, கடைசியில் 'கீழ் ஆழங்கள்' என்ற பொருள்படும் தலைப்பில் நிலைத்தது. தங்குவிடுதியின் இருட்டில் கிடக்கும் மனிதர்களைப் பற்றிய நாடகத்தின் தலைப்பில் அந்தச் சொல்லை வைக்க ஆங்கிலம் தயங்கியது என்றே நான் நினைக்கிறேன். ஜான்சனின் விருந்தில் கேட்ட சிரிப்பு அதன் காதில் இன்னும் ஒலித்திருக்க வேண்டும். செல்வந்த மொழிக்கும் ஓரிடத்தில் சில்லறை இல்லாமல் போகும்.

இன்று இயந்திரங்கள் மொழிபெயர்க்கின்றன. வேகமாகவும், பல சமயம் வியக்கும்படியும் செய்கின்றன. ஆகவே எந்தச் சொல்லுக்கு எந்தச் சொல் என்று பட்டியல் போடும் வேலை மனிதருக்கு இனி மிச்சமில்லை. மிச்சமிருப்பது, ஒரு சொல்லுக்குப் பின்னால் தறி ஓடுகிறதா, வெள்ளம் வருகிறதா, ஏலம் நடக்கிறதா என்று நின்று கேட்கும் பொறுப்பு. அந்தப் பொறுப்பை ஏற்காத மொழிபெயர்ப்பாளர் எதற்காக இருக்கிறார் என்ற கேள்வியை வாசகர்கள் கேட்கத் தொடங்கினால் பதில் இருக்காது.

சொற்களின் அடிப்பொருளை அகராதிகள் முடிவு செய்வதில்லை. நெசவாளிகள், கடலோடிகள், உழவர்கள், சங்கிலியில் நிறுத்தி விற்கப்பட்டவர்கள், ஏமாற்றி மலையேற்றப்பட்டவர்கள் என்று ஒரு பெருங்கூட்டம் தன் கைகளால் அவற்றைச் செய்திருக்கிறது. அவர்களில் பெரும்பாலோருக்கு எழுதத் தெரியாது. அவர்கள் விட்டுச்சென்ற ஆவணம் அந்தச் சொற்கள் மட்டுமே. அதைச் சுருக்கி எழுத யாருக்கும் உரிமையில்லை.